சதவீதக் கணக்கும் சமுதாயமும்: மக்கள்தொகை வளர்ச்சியை நாமே கணக்கிடுவது எப்படி?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தனது கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டிருக்காங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்றார். முஸ்லிம்களின் மக்கள்தொகை இத்தனை சதவீதம் பெருகிவிட்டது, இன்னும் இத்தனை ஆண்டுகளில் நாடு அவர்கள் கையில் போய்விடும் என்று மிரட்டும் ஒரு செய்தி அது. அதில் ஒரு சதவீத எண் இருந்தது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எதை அடிப்படையாக வைத்து என்ற விவரம் எதுவும் இல்லை.

அதே வாரத்தில் நம்மவர் ஒருவர் அனுப்பிய வேறொரு செய்தியும் வந்து சேர்ந்தது. "மாஷா அல்லாஹ், விரைவில் நாம்தான் பெரும்பான்மை" என்று மகிழ்ந்து எழுதப்பட்டிருந்தது. அங்கேயும் அதே எண்தான்! ஒருவர் அச்சமூட்டவும், மற்றவர் பெருமையடிக்கவும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தார்கள். இருவருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எண்ணாக வரும் செய்திக்கும் இது பொருந்தும். எண்ணை விசாரிக்கும் வழி கணக்கு. நாம் கணிதப் பட்டதாரி அல்ல. மதரஸாவில் ஓதி, பின்னர் கலைப் பிரிவில் பட்டம் பெற்றவர்கள். ஆண்டுதோறும் ஸகாத்திற்கு 2.5 சதவீதம் கணக்கிடத் தெரிந்த எவருக்கும் இந்தக் கட்டுரையின் கணக்குகள் கடினமாக இருக்காது. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதல் கணக்கு: வளர்ச்சி விகிதம்

மக்கள்தொகை வளர்ச்சி விகிதம் என்பது, பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது நூற்றுக்கு எத்தனை பேர் கூடினார்கள் என்பதுதான். மூன்று படிகளில் முடிந்துவிடும்.

1. புதிய எண்ணிக்கையிலிருந்து பழைய எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும்.
2. கிடைத்த விடையைப் பழைய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.
3. அதை 100ஆல் பெருக்க வேண்டும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் நாட்டில் இருந்த முஸ்லிம்கள் 13,81,88,240 பேர். 2011இல் 17,22,45,158 பேர். கழித்தால் 3,40,56,918. இதை 13,81,88,240ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 24.6 சதவீதம்.

அதே காலத்தில் இந்துக்கள் 82,75,78,868 பேரிலிருந்து 96,62,57,353 பேராகப் பெருகினார்கள். கூடியது 13,86,78,485 பேர். வளர்ச்சி விகிதம் 16.8 சதவீதம். நாட்டின் மொத்த வளர்ச்சி 17.7 சதவீதம்.

இங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தப் பத்தாண்டில் முஸ்லிம்களின் வளர்ச்சி விகிதம் அதிகம்தான். ஆனால் கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். முஸ்லிம்களில் சுமார் 3.4 கோடி, இந்துக்களில் சுமார் 13.9 கோடி. விகிதம் குறைவாக உள்ள சமூகத்தில்தான் நான்கு மடங்கு ஆட்கள் கூடியிருக்கிறார்கள். ஏனென்றால் அடிப்படை எண் அங்கே மிகப் பெரியது. 40 குடும்பங்கள் இருந்த முஹல்லாவில் 20 குடும்பங்கள் புதிதாக வந்தால் வளர்ச்சி 50 சதவீதம். 4,000 குடும்பங்கள் உள்ள ஊரில் 400 குடும்பங்கள் வந்தால் 10 சதவீதம்தான். சதவீதத்தை மட்டும் சொல்லி எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுபவர் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறார்.

பயிற்சிக்காகத் தமிழ்நாட்டின் எண்களைத் தருகிறோம். 2001இல் தமிழக முஸ்லிம்கள் 34,70,647 பேர். 2011இல் 42,29,479 பேர். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். 21.9 சதவீதம் என்று விடை வர வேண்டும். மாநிலத்தின் மொத்த வளர்ச்சி அப்போது 15.6 சதவீதம்.

குறையும்போது எப்படி?

கணக்கு அதேதான், விடை கழித்தல் குறியோடு வரும். இந்தியாவில் பார்சி சமூகத்தினர் 2001இல் 69,601 பேர் இருந்தனர். 2011இல் 57,264 பேர். 12,337 பேர் குறைந்துவிட்டனர். 69,601ஆல் வகுத்தால் 17.7 சதவீத வீழ்ச்சி.

இனி அவர்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டுமானால் 17.7 சதவீதம் வளர்ந்தால் போதுமா? போதாது. இப்போது அடிப்படை எண் 57,264 ஆகிவிட்டது. 12,337ஐ அதனால் வகுத்தால் 21.5 சதவீதம். இறங்கிய அதே சதவீதத்தில் ஏறினால் பழைய இடத்துக்கு வந்து சேர முடியாது.

ஃபராயிழ் எனும் பாகப்பிரிவினைப் பாடத்தில் உஸ்தாதுமார்கள் முதலில் கற்றுத் தருவது 'அஸ்லுல் மஸ்அலா', அதாவது கணக்கின் மூல எண். அதைத் தவறாக எடுத்தால் பிறகு எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஒவ்வொரு வாரிசின் பங்கும் தவறாகத்தான் வரும். சதவீதக் கணக்கிலும் அப்படியே. அடிப்படை எண் தவறினால் எல்லாம் தவறும். இது எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதை நம் நாடு 2004இல் கண்டது.

36 சதவீதமா, 29.3 சதவீதமா?

2001ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் மதவாரி விவரங்கள் 2004 செப்டம்பரில் வெளியிடப்பட்டன. 1991 முதல் 2001 வரை முஸ்லிம்களின் வளர்ச்சி 36 சதவீதம் என்றும், முந்தைய பத்தாண்டில் அது 34.5 சதவீதமாக இருந்தது என்றும் செய்தி வந்தது. அதாவது வேகம் கூடிக்கொண்டே போகிறது என்ற தோற்றம். நாடெங்கும் பெரும் சர்ச்சை எழுந்தது.

கணக்கைப் பார்ப்போம். 1991 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 10,15,96,057 பேர். 2001இல் 13,81,88,240 பேர். மூன்று படிகளையும் செய்தால் 36.0 சதவீதம் வரத்தான் செய்கிறது. கழித்தலிலோ வகுத்தலிலோ பிழை இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. 1991இல் ஜம்மு காஷ்மீரில் நிலவிய சூழல் காரணமாக அங்கே கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே 1991ஆம் ஆண்டின் எண்ணில் காஷ்மீர் முஸ்லிம்கள் இல்லை. 2001இல் அங்கே கணக்கெடுப்பு நடந்தது. அந்த மாநிலத்தின் 67,93,240 முஸ்லிம்களும் புதிய எண்ணில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்கள் அல்லர். ஏற்கெனவே இருந்து, எண்ணப்படாமல் விடப்பட்டவர்கள்.

நேர்மையான ஒப்பீடு வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளிலும் ஒரே நிலப்பரப்பை எடுக்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் எண்ணிலிருந்து ஜம்மு காஷ்மீரைக் கழித்தால் 13,13,95,000. இதை 1991ஆம் ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 29.3 சதவீதம்.

இதேபோல் 1981இல் அஸ்ஸாமில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதையும் சரிசெய்தால் 1981 முதல் 1991 வரையிலான வளர்ச்சி 34.5 அல்ல, 32.9 சதவீதம். ஆக, உண்மை நிலவரம் 32.9இலிருந்து 29.3க்கு இறக்கம். செய்தியில் வந்ததோ 34.5இலிருந்து 36க்கு ஏற்றம்! விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே சரிசெய்யப்பட்ட எண்கள் முன்வைக்கப்பட்டன. என்றாலும் முதலில் பரவிய 36 சதவீதம்தான் பலரது மனத்திலும் தங்கிவிட்டது.

இலங்கையிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. 2001இல் போர்ச் சூழலால் வடக்கு, கிழக்கின் பல மாவட்டங்களில் கணக்கெடுப்பை முழுமையாக நடத்த முடியவில்லை. நாட்டின் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே அது முழுமை பெற்றது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று கிழக்கு மாகாணம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனவே இலங்கை முஸ்லிம்களின் வளர்ச்சியைக் கணக்கிட 1981ஐயும் 2012ஐயும்தான் ஒப்பிட வேண்டும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

அடுத்த குழப்பம் பங்கு பற்றியது. வளர்ச்சி விகிதம் வேறு, மொத்த மக்கள்தொகையில் ஒரு சமூகத்தின் பங்கு வேறு. 2001இல் இந்திய மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கு 13.43 சதவீதம், 2011இல் 14.23 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.8. இதை 0.8 'சதவீதப் புள்ளி' உயர்வு என்று சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளில் நூறு பேரில் ஒருவர்கூடக் கூடவில்லை என்பது இதன் பொருள்.

2024 மே மாதம் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. 1950க்கும் 2015க்கும் இடையில் இந்துக்களின் பங்கு 84.68 சதவீதத்திலிருந்து 78.06 சதவீதமாகக் குறைந்தது என்றும், முஸ்லிம்களின் பங்கு 9.84 சதவீதத்திலிருந்து 14.09 சதவீதமாக உயர்ந்தது என்றும் அதில் இருந்தது. இந்த மாற்றத்தை முறையே 7.8 சதவீத வீழ்ச்சி, 43 சதவீத உயர்வு என்று அறிக்கை குறிப்பிட்டது. ஊடகங்கள் சிலவற்றிலும் சமூக வலைத்தளங்களிலும் இது "இந்துக்கள் மக்கள்தொகை 7.8 சதவீதம் சரிவு, முஸ்லிம்கள் மக்கள்தொகை 43 சதவீதம் உயர்வு" என்று மாறிப் பரவியது.

முதலாவதாக, இது பங்கில் ஏற்பட்ட மாற்றம். ஆட்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றம் அல்ல. இந்துக்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. 1951இல் சுமார் 30 கோடியாக இருந்தவர்கள் 2011இல் 96 கோடியைத் தாண்டிவிட்டார்கள். மும்மடங்குக்கும் மேல்!

இரண்டாவதாக, சதவீதப் புள்ளியில் பார்த்தால் முஸ்லிம்களின் பங்கு 65 ஆண்டுகளில் கூடியது 4.25 புள்ளிகள். அந்த 4.25ஐ, சிறிய எண்ணான 9.84ஆல் வகுத்ததால்தான் 43 என்ற பெரிய எண் கிடைத்தது. இந்துக்களின் பங்கு குறைந்தது 6.62 புள்ளிகள். அதைப் பெரிய எண்ணான 84.68ஆல் வகுத்ததால் 7.8 என்ற சிறிய எண் கிடைத்தது. ஒரு சதவீதத்தின் மீது இன்னொரு சதவீதம் போடும்போது இப்படித்தான் ஆகும். எனவே "பங்கு இத்தனை சதவீதம் கூடியது" என்று யாராவது சொன்னால், "சதவீதமா, சதவீதப் புள்ளியா?" என்று கேட்டுவிட வேண்டும்.

ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிடுவது

பத்து ஆண்டுகளில் 24.6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2.46 சதவீதம் என்று பலர் பத்தால் வகுத்துவிடுகிறார்கள். இது தவறு. இந்த ஆண்டு கூடியவர்களும் சேர்ந்துதான் அடுத்த ஆண்டின் அடிப்படை எண் ஆகிறது. ஆண்டுக்கு 2.46 சதவீதம் என்று வைத்து ஒவ்வோர் ஆண்டாகப் பெருக்கிக்கொண்டே போனால், பத்தாவது ஆண்டு முடிவில் 24.6 வராது, 27.5 சதவீதம் வந்து நிற்கும்.

சரியான முறை இது:

1. புதிய எண்ணிக்கையைப் பழைய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 17,22,45,158 ÷ 13,81,88,240 = 1.2464.
2. ஒன்றை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1 ÷ 10 = 0.1.
3. முதல் விடைக்கு இரண்டாவது விடையை அடுக்காகக் கொடுக்க வேண்டும். 1.2464இன் 0.1 அடுக்கு = 1.0223. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் பெரும்பாலான கால்குலேட்டர்களில் அடுக்குக்கான பொத்தான் தெரியும்.
4. விடையிலிருந்து ஒன்றைக் கழித்து 100ஆல் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 2.23 சதவீதம்.

இந்துக்களுக்கு இதே கணக்கைச் செய்தால் ஆண்டுக்கு 1.56 சதவீதம். நாடு முழுமைக்கும் 1.64 சதவீதம்.

இலங்கைக் கணக்கையும் பார்க்கலாம். முஸ்லிம்கள் 1981இல் சுமார் 11.2 லட்சம், 2012இல் சுமார் 19.7 லட்சம். 75 சதவீதத்துக்கும் மேல் வளர்ச்சி என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். ஆனால் இது 31 ஆண்டுகளின் வளர்ச்சி. ஆண்டுக்குச் சுமார் 1.8 சதவீதம்தான். நாட்டின் மொத்த வளர்ச்சி அதே காலத்தில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. 'எத்தனை ஆண்டுகளில்' என்ற கேள்விக்கு விடை இல்லாத வளர்ச்சி விகிதத்தால் எந்தப் பயனும் இல்லை.

இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 70ஐ ஆண்டு வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், மக்கள்தொகை இரட்டிப்பாகச் சுமார் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது கிடைக்கும். 2.23 சதவீதத்துக்கு 70 ÷ 2.23 = சுமார் 31 ஆண்டுகள். 1.56 சதவீதத்துக்குச் சுமார் 45 ஆண்டுகள். ஆனால் அந்த விகிதம் அத்தனை ஆண்டுகளும் மாறாமல் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். இந்த நிபந்தனையை மறந்துவிடுவதால்தான் அடுத்துவரும் தவறு நிகழ்கிறது.

"பெரும்பான்மை ஆகிவிடுவார்கள்" என்ற கணக்கு

ஒரு வாதத்துக்காக, 2001-2011 காலத்தின் வளர்ச்சி விகிதங்கள் என்றென்றும் மாறாமல் தொடரும் என்று வைத்துக்கொள்வோம். முஸ்லிம்கள் பத்தாண்டுக்கு 24.6 சதவீதம், இந்துக்கள் 16.8 சதவீதம். இந்துக்கள் இப்போது 5.6 மடங்கு அதிகம். இரண்டு எண்களும் சமமாக எவ்வளவு காலம் ஆகும்?

கணக்கிட்டால் 2011இலிருந்து சுமார் 264 ஆண்டுகள். அதாவது கி.பி. 2275வாக்கில். அப்போது இரு சமூகமும் தலா 5,700 கோடிக்கு மேல் இருக்கும்! இரண்டும் சேர்ந்து 11,000 கோடிக்கு மேல். இன்று உலகம் முழுவதும் வாழும் மக்களே 800 கோடிக்குச் சற்று மேல்தான். நிற்கக்கூட இடமில்லாத ஒரு நாட்டைக் காட்டித்தான் ஒரு தரப்பு அச்சமூட்டுகிறது, மறுதரப்பு பெருமையடிக்கிறது.

வளர்ச்சி விகிதம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு நம் நாட்டின் எண்களே சான்று. சரிசெய்யப்பட்ட கணக்கின்படி முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 32.9, பின்னர் 29.3, பின்னர் 24.6 என்று இறங்கிவருகிறது. இந்துக்களின் வளர்ச்சியும் 22.8, 20.0, 16.8 என்று இறங்குகிறது. கடைசிப் பத்தாண்டில் இந்துக்களின் விகிதம் 3.2 புள்ளிகள் குறைந்தது. முஸ்லிம்களின் விகிதம் 4.7 புள்ளிகள் குறைந்தது.

காரணம் குழந்தைப் பேறு குறைந்துவருவது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தேசியக் குடும்பநல ஆய்வு கணக்கிடுகிறது. 1992-93இல் முஸ்லிம் பெண்களிடம் அது 4.41, 2019-21இல் 2.36. இந்துப் பெண்களிடம் 3.30ஆக இருந்தது 1.94 ஆனது. இரு சமூகங்களுக்கும் இடையிலான இடைவெளி 1.11இலிருந்து 0.42ஆகச் சுருங்கிவிட்டது.

இதில் மதத்தைவிட வாழும் இடமும் கல்வியும் பொருளாதாரமும் அதிகம் பேசுகின்றன. 2019-21 ஆய்வின்படி கேரள முஸ்லிம் பெண்களிடம் இந்தச் சராசரி 2.25. பீகார் இந்துப் பெண்களிடம் 2.88. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குறைஷி 2021இல் இந்தப் பொருள் குறித்தே தனி நூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைப் பேறு குறைந்த உடனேயே மக்கள்தொகை வளர்ச்சி நின்றுவிடாது. முன்னர் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து மணமுடிக்கும் வயதில் இருப்பார்கள். இளையவர்கள் அதிகமுள்ள சமூகத்தில் பிறப்பு அதிகமாகவும் இறப்பு குறைவாகவும் இருக்கும். எனவே வரும் கணக்கெடுப்பிலும் முஸ்லிம்களின் வளர்ச்சி விகிதம் சராசரியைவிட அதிகமாகவே இருக்க வாய்ப்புண்டு. அதைக் கண்டு யாரும் திகைக்க வேண்டியதில்லை.

வரப்போகும் கணக்கெடுப்பு: இப்போதே கவனம் தேவை

இந்தக் கட்டுரையை இப்போது எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூனில் வெளியானது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் தேதிதான் கணக்கு நாள். முந்தைய கணக்கெடுப்பின் கணக்கு நாள் 2011 மார்ச் 1. எனவே இடைவெளி பத்து ஆண்டுகள் அல்ல, பதினாறு ஆண்டுகள்!

இதனால் என்ன ஆகும்? ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இது கணிப்பு அல்ல, புரிந்துகொள்வதற்காக மட்டும். முஸ்லிம்களின் ஆண்டு வளர்ச்சி 2.23 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாகக் குறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.017ஐ 16 முறை பெருக்கினால் 1.31. அதாவது 2011 முதல் 2027 வரை 31 சதவீத வளர்ச்சி. உடனே ஒருவர் என்ன எழுதுவார்? "சென்ற கணக்கெடுப்பில் 24.6 சதவீதம், இந்தக் கணக்கெடுப்பில் 31 சதவீதம், வேகம் கூடிவிட்டது" என்று எழுதுவார். உண்மையில் வேகம் குறைந்திருக்கும்.

சரியான ஒப்பீட்டுக்குப் பதினாறு ஆண்டு வளர்ச்சியைப் பத்து ஆண்டு வளர்ச்சியாக மாற்ற வேண்டும். 10ஐ 16ஆல் வகுத்தால் 0.625. 1.31இன் 0.625 அடுக்கு 1.184. அதாவது பத்தாண்டுக்கு 18.4 சதவீதம். 24.6உடன் ஒப்பிட வேண்டிய எண் இந்த 18.4தான், 31 அல்ல. 31க்கும் 24.6க்கும் இடையில் ஒப்பீடு செய்பவர், பதினாறு மாத வாடகையையும் பத்து மாத வாடகையையும் பக்கத்தில் வைத்து "வாடகை ஏறிவிட்டது" என்று சொல்பவரைப் போன்றவர்.

இந்த எச்சரிக்கை எல்லாச் சமூகங்களுக்கும், எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். பிற சமூகத்தவரின் எண்களை நாம் பேசும்போதும் இதே நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

செய்தியைப் பகிரும் முன் ஐந்து கேள்விகள்

ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கேள்விகள் இவை.

1. அடிப்படை எண் எது? எந்த எண்ணால் வகுத்தார்கள்?
2. எத்தனை ஆண்டு இடைவெளி? பத்தா, பதினாறா, அறுபத்தைந்தா?
3. இரண்டு கணக்கெடுப்புகளிலும் ஒரே நிலப்பரப்புதானா? விடுபட்ட பகுதி உண்டா?
4. சொல்லப்படுவது எண்ணிக்கையின் வளர்ச்சியா, பங்கின் மாற்றமா? சதவீதமா, சதவீதப் புள்ளியா?
5. எதிர்காலத்தைப் பற்றிச் சொல்வதானால், இன்றைய விகிதம் மாறாது என்று எடுத்துக்கொண்டார்களா?

இந்த ஐந்துக்கும் விடை தராத செய்தியைப் பகிராமல் இருப்பதே நல்லது. அது நமக்குச் சாதகமாகத் தெரிந்தாலும் சரியே.

எண்ணப்படுவது நம் கடமையும்கூட

மக்களைக் கணக்கெடுப்பது நமக்குப் புதிதல்ல. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், அதன்படி 1,500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

எனவே கணக்கெடுப்பாளர் வீடு தேடி வரும்போது தயங்காமல் ஒத்துழைக்க வேண்டும். வீட்டில் வசிக்கும் ஒவ்வொருவரின் பெயர், வயது, கல்வி, தாய்மொழி ஆகியவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளின் படிப்பை, வயதானவர்களின் வயதை உத்தேசமாகச் சொல்லிவிடக் கூடாது. ஊர் ஜமாஅத்கள் முன்கூட்டியே ஒரு ஜும்ஆவில் இதை அறிவித்து, விவரம் தெரிந்த இளைஞர்களைக் கொண்டு குடும்பங்களுக்கு உதவலாம். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் இந்த எண்களை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. விடுபட்டுப்போனவர்களால் பின்னர் எவ்வளவு குழப்பம் வரும் என்பதை 1991ஆம் ஆண்டின் கதை நமக்குக் காட்டிவிட்டது.

திண்ணையில் கைப்பேசியை நீட்டிய அந்தத் தம்பியோடு உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் வந்தவர், "வகுப்பில் சண்டை போடல ஹஜ்ரத். கணக்கைப் போட்டு அனுப்பினேன். இரண்டு பேர் 'சரிதான்'னு சொன்னாங்க. மத்தவங்க பேசல" என்றார். அவ்வளவு போதும். கோபத்தோடு பத்துப் பதிவுகள் போடுவதைவிடப் பொறுமையாகப் போட்ட ஒரு கணக்கு மேலானது.

அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்போது, இன்ஷா அல்லாஹ், இந்தக் கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். உண்மையை அறிந்து, உண்மையைப் பேசும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!